பக்கத்து வீட்டுக் கார் பந்தயத்தில் ஓடினால்: தேசிய கார் ரேஸை எப்படி ரசிப்பது?

சாயங்காலம் ஆனால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. நேரு வீதியில் இரண்டாவது கியருக்கு மேல் போனவர் எவரும் இருக்க முடியாது. ஆனாலும் தென்னிந்தியாவில் எங்கே ஒரு விலையுயர்ந்த கார் உறுமிக்கொண்டு கடந்துபோனாலும், அதன் நம்பர் பிளேட்டில் 'பி.ஒய். 01' இருக்கிறதா என்று புதுச்சேரிக்காரர் கண் தேடும். சாலை வரி குறைவு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இங்கே பதிவான கார்கள் ஏராளம். இத்தனை வேகக் கார்களுக்கு முகவரி கொடுத்த ஊர், கார் ஓட்டத்தைப் பார்த்து ரசிக்க மட்டும் பழகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நமக்குப் பெத்தாங்க் விளையாட்டின் குண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கு மோட்டார் வண்டிப் போட்டி நடத்தி, 1906-இல் லெ மான் நகரில் முதல் கிராண்ட் ப்ரீயையும் நடத்திய அந்த ஆசையை மட்டும் கப்பலிலேயே வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பார்க்கவேண்டிய இடம் தூரமில்லை. திண்டிவனம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை. காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.717 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. 1990-இல் திறந்தது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். போகிற வழியில் ஒரகடத்தில் ரெனோ தொழிற்சாலை. 1906-இல் அந்த முதல் கிராண்ட் ப்ரீயை வென்றது ரெனோ வண்டிதான். டிராக்குக்குப் பக்கத்திலேயே ஹூண்டாய் தொழிற்சாலை. கார் பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே கார் ஓடுகிற இடமும் அமைந்திருப்பது பொருத்தம்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் பந்தயத்துக்கு இடம் சோழாவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம். 1953-இல் கிளப் தொடங்கியது. அடுத்த ஆண்டு புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அந்த ஐம்பதுகளிலேயே சோழாவரத்தில் காரும் பைக்கும் பந்தயம் ஓடத் தொடங்கிவிட்டன. விமானத்துக்காகப் போட்ட பாதையில் நேர்க்கோட்டு வேகத்துக்குக் குறைவில்லை. வளைவுகள்தான் ஆளைச் சோதித்தன. வீட்டுக்கு ஃபியட் வாங்கியவர், அதிலேயே கொஞ்சம் வேலை பார்த்துப் பந்தயத்துக்கும் கொண்டுவந்த காலம். வெளிநாட்டு வண்டி இறக்குமதிக்குப் பூட்டு போட்டிருந்ததால், கையில் இருந்ததை வைத்தே வேகம் தேடினார்கள். இந்திய ரேஸின் குணம் அந்தப் பற்றாக்குறையில் உருவானது என்பது என் கணிப்பு.

அந்தக் குணத்துக்குச் சரியான சாட்சி கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அது நாடெங்கும் பரவியது. 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த டிராக்குக்கு அவர் பெயரை வைத்து கரி மோட்டார் ஸ்பீட்வே என்றார்கள். அந்த மாருதி கார்களில் பழகிய தலைமுறையில் ஒருவர்தான் நாராயண் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். நடிகர் அஜித்குமாரும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். அவருடைய அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, ரேஸே தெரியாத வீடுகளிலும் ரேஸ் பேச்சு ஓடியது. நல்லதுதான். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

தேசிய சாம்பியன்ஷிப்பில் ஒரே நாளில் பல பந்தயங்கள் நடக்கும். இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று, சக்கரம் வெளியே தெரியும் ஃபார்முலா வண்டிகள்: மாருதியின் 1300 சிசி எஞ்சின் வைத்த எல்.ஜி.பி., அதற்கு மேலே எம்.ஆர்.எஃப். 2000. மற்றது, கூரையும் கதவும் உள்ள டூரிங் கார்கள். ஹோண்டா சிட்டி, எஸ்டீம், போலோ, எட்டியோஸ் என்று நம் தெருவில் நிற்கும் அதே வண்டிகள். முதல் தடவை போகிறவர்கள் ஃபார்முலாவை நோக்கித்தான் ஓடுவார்கள். நான் சொல்வது, டூரிங் காரில் தொடங்குங்கள். ஃபார்முலா காரின் வேகத்தை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை; நாம் அதை ஓட்டியதில்லை. சிட்டி கார் எப்படித் திரும்பும், எந்த வேகத்தில் பயம் வரும் என்று உடம்புக்கே தெரியும். அந்தப் பயம் வரும் இடத்தைத் தாண்டி ஒருவர் அதே வண்டியை ஓட்டிப்போகிறார் என்பதுதான் இங்கே காட்சி.

அமெரிக்காவின் நாஸ்காரை 'ஸ்டாக் கார்' பந்தயம் என்கிறார்கள். கடையில் விற்கிற காரையே ஓட்டவேண்டும் என்ற அதன் தொடர் 1949-இல் தொடங்கியது. இன்று அங்கே ஓடுவது குழாய்ச் சட்டத்தின்மேல் போர்த்திய உடல்; வெளித்தோற்றத்தில்தான் கடைக் கார். நம் டூரிங் வண்டியோ தொழிற்சாலையில் செய்த உடலோடுதான் வருகிறது. உள்ளே சீட், விரிப்பு, ஏசி எல்லாம் போய்விடும். உருண்டாலும் நசுங்காமலிருக்க எஃகுக் கூண்டு, ஒற்றை சீட், பல முனைகளில் பூட்டும் பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்ச். நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள், அதுதான் அந்த சுவிட்ச். 'கடைக் கார் பந்தயம்' என்ற பெயருக்கு நாஸ்காரைவிட இருங்காட்டுக்கோட்டைக்குத்தான் உரிமை அதிகம்.

எங்கே நிற்பது? ஸ்டார்ட் கோட்டுக்கு எதிரே என்பது எல்லாரும் செய்யும் தேர்வு. அங்கே வண்டிகள் விர்ரென்று போகும், அவ்வளவுதான். நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடம் கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள். பிறகு வண்டியைப் பார்க்காதீர்கள், பின்பக்க பிரேக் விளக்கைப் பாருங்கள். யாருடைய விளக்கு கடைசியாக எரிகிறது? இரண்டு சுற்று கவனித்தால் போதும், யாருக்கு எவ்வளவு துணிச்சல் என்று பிடிபட்டுவிடும். ஆனால் மூன்றாவது சுற்றில் இன்னொன்றும் புரியும்: கடைசியாக பிரேக் பிடித்தவர் வளைவுக்குள் அகலமாகச் சறுக்கிப் போகிறார், சற்று முன்பே பிடித்தவர் உள்ளே ஒட்டித் திரும்பி, முன்கூட்டியே ஆக்ஸிலேட்டரை மிதித்து அடுத்த நேர்ப்பாதையில் அவரை விழுங்குகிறார். வெளியிலிருந்து உள்ளே வந்து, வளைவின் உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே விரிவது. இந்த ஒரு கோட்டுக்காகத்தான் மொத்தச் சண்டையும். பின்னால் வருபவரைத் தடுக்க முன்னால் போகிறவர் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டால், அவருக்கு அந்தக் கோடு கெட்டுவிடும், வெளியேறும் வேகம் குறையும். இடத்தைக் காப்பாற்றப்போய் வேகத்தை இழக்கும் இந்த இக்கட்டு ஒவ்வொரு வளைவிலும் வரும்.

முன்சக்கரத்தில் இழுவிசை உள்ள வண்டி வேகமாகத் திரும்பும்போது, உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். மூன்று காலில் ஓடும் நாய் மாதிரி இருக்கும். தவறு எதுவும் நடக்கவில்லை. பாரம் முழுக்க வெளிப்பக்க முன்டயரில் ஏறியிருக்கிறது. பாவம் அந்த ஒரு டயர்தான் பிரேக், திருப்பம், இழுவை மூன்றையும் தாங்குகிறது. பந்தயம் பாதி கடந்ததும் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். முதல் இரண்டு சுற்றில் தாவியவர் கடைசியில் தடுமாறுவதும், அமைதியாக நான்காவதாக வந்துகொண்டிருந்தவர் மேலே ஏறுவதும் இதனால்தான். ஆகவே முதலில் போகிறவரை விட்டுவிடுங்கள். மூன்றாவது முதல் ஏழாவது வரை ஒட்டிக்கொண்டு போகும் கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரோடு போங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அவர் கண்ணில் படாத நேரத்தில் என்ன செய்திருப்பார் என்று ஊகித்து, திரும்பி வரும்போது சரிபார்ப்பதில் தனி சுகம் உண்டு.

ஒரு குழப்பத்தை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி எண்ணிக்கை குறைவாக இருந்தால் இரண்டு வகுப்புகளைச் சேர்த்தே ஓடவிடுவார்கள். இந்தியன் டூரிங் காரும் சூப்பர் ஸ்டாக்கும் ஒன்றாக ஓடும், பரிசு தனித்தனி. ஆறாவதாக வந்தவர் கையைத் தூக்கிக் குதித்தால் சிரிக்காதீர்கள், அவர் தன் வகுப்பில் ஜெயித்திருக்கலாம். கதவில் உள்ள எண்ணையும் வகுப்பு ஸ்டிக்கரையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கொடிகளில் மஞ்சள், நீலம், சிவப்பு மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். மஞ்சள் வந்தால் முந்தக்கூடாது, நீலம் காட்டினால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது. சிவப்பை வேடிக்கையாக நினைக்கவேண்டாம். 2023 ஜனவரி 8 அன்று இதே டிராக்கில் அனுபவசாலி ஓட்டுநர் கே.இ. குமார் விபத்தில் இறந்தார். கூண்டும் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இருந்தும் இது ஆபத்தான விளையாட்டு.

கட்டம்போட்ட கொடி விழுந்ததும் கிளம்பிவிடுவது பலரின் வழக்கம். நான் அங்கிருந்துதான் இரண்டாம் பாதி தொடங்குகிறது என்பேன். நாஸ்காரின் அந்த 1949 தொடரின் முதல் பந்தயத்தில், சார்லட் நகரில், முதலில் வந்தவர் கிளென் டனவே. பரிசு வாங்கியவர் ஜிம் ரோப்பர். டனவே ஓட்டியது கள்ளச்சாராயம் கடத்தப் பயன்பட்ட வண்டி. பாரம் தாங்கப் பின்பக்க ஸ்பிரிங்கில் செய்திருந்த வேலை சோதனையில் சிக்கியது. நம் ஊரிலும் ஓட்டம் முடிந்ததும் வண்டிகளை நிறுத்தி எடை போடுவார்கள், சந்தேகம் வந்தால் எஞ்சினைத் திறப்பார்கள். அதுவரை வந்தது தற்காலிக முடிவுதான். அணிகள் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பேடாக்குக்குள் விடுகிற நாளாக இருந்தால் தவறவிடாதீர்கள். கிரீஸ் கையோடு நிற்கும் மெக்கானிக்கிடம் 'என்னண்ணே, டயர் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். தேசிய சாம்பியன்ஷிப்பின் வளர்ச்சி கோப்பைகளில் இருப்பதைவிட கோவை, சென்னை ஒர்க்‌ஷாப்புகளில் அதிகம் இருக்கிறது.

வளர்ச்சி என்று சொல்லும்போது ஒரு குறை. 2010-இல் போலோ கோப்பை வந்தது முதல், எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி கொடுத்து ஓடவிடும் பழக்கம் பெருகியது. ஓட்டுநரின் திறமையை எடைபோட அது நியாயமான வழி. வெளிநாட்டு இளைஞர்களும் வந்தார்கள், எம்.ஆர்.எஃப். சேலஞ்சில் 2016-17 பருவத்தில் மிக் ஷூமாக்கர் ஓட்டினார், 2018-19-இல் ஜேமி சாட்விக் பட்டமே வென்றார். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் தெருப் பந்தயமும் நடந்தது. எல்லாம் சரி. ஆனால் ஒரே மாதிரி வண்டிகளில், எஸ்டீமில் இன்னும் அரை நொடி ஒளிந்திருக்கிறது என்று ராத்திரி முழுக்கத் தேடிய டியூனருக்கு இடமில்லை. பளபளப்பு கூடக் கூட அந்தக் கை ஒதுங்கிப்போவது எனக்கு உவப்பாக இல்லை.

பந்தயங்கள் பெரும்பாலும் ஆண்டின் பிற்பாதியில், சனி ஞாயிறுகளில் நடக்கும். மழையால் தேதி மாறும் என்பதால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வேண்டும், குழந்தைகளுக்குக் காதில் வைக்கப் பஞ்சு. திரும்பி வரும்போது கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை அழுத்தும், தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருகிறவர்களுக்குத் தனியாகவே சொல்கிறேன்: அந்தச் சாலையில் மஞ்சள் கொடி காட்ட மார்ஷல் கிடையாது, மெதுவாக வாருங்கள்.