‘பின்தொடரும் நிழலின் குரல்’: புகாரினின் மௌனமும் நம்பிக்கையாளரின் மௌனமும்

கோடம்பாக்கத்தில் திரைத் தொழிலாளர் சங்கங்கள் வேரூன்றியதில் எம்.பி. சீனிவாசன், நிமாய் கோஷ் ஆகிய இடதுசாரிக் கலைஞர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நிமாய் கோஷ் இயக்கத்தில் 1960இல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ அம்மரபின் திரைவடிவம். உழைப்போர் குரலை ஒலிக்கச்செய்த இம்மரபு, பொதுவுடைமை ஆட்சியே ஒடுக்கிய குரல்களை எவ்வாறு எதிர்கொள்ளும்? இவ்வினாவைத் தமிழில் விரிவாக எழுப்பியது திரைப்படம் அன்று. ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (தமிழினி, 1999) என்னும் நாவலே.

தொழிற்சங்கவாதியான அருணாசலம், கட்சியின் நினைவிலிருந்து துடைக்கப்பட்ட வீரபத்ர பிள்ளையின் எழுத்துகளைக் கண்டடைகிறான். புகாரினுக்கு நேர்ந்த அநீதி குறித்துக் கேள்வி எழுப்பியதே பிள்ளையின் குற்றம். கடிதம், கதை, கவிதை, நாடகம் எனப் பல வடிவங்களாக நாவல் சிதறிக் கிடப்பதைக் கட்டுக்கோப்பின்மை எனக் குறைகூறுவது பொருந்தாது. தடைசெய்யப்பட்ட சாட்சியம் முழுமையான நூலாக வந்து சேர்வதில்லை. வரலாறும் இதற்குச் சான்று. 1937இல் கைதாகும் முன் புகாரின் எழுதிய இறுதிக் கடிதத்தை அவர் மனைவி அன்னா லாரினா மனப்பாடம் செய்துகொண்டார். 1938 மார்ச்சில் புகாரின் சுட்டுக்கொல்லப்பட்டார். சிறையிலும் முகாமிலும் நாடுகடத்தலிலும் ஏறத்தாழ 20 ஆண்டுகளைக் கழித்த லாரினா, அச்சொற்களைத் தமக்குள் ஓதியே காத்தார். புகாரின்மீதான பழி அதிகாரபூர்வமாக நீங்கியது 1988இல்தான். எழுத்து இயலாத இடத்தில் மனனம் ஆவணமாகிறது. வாய்மொழி மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது அயலான செய்தி அன்று.

சிக்கல் கிறிஸ்துவின் படிமத்தில் தொடங்குகிறது. அரசியலிலிருந்து சமயத்திடம் சரணடைதல் என இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது மேலோட்டமான வாசிப்பு. கட்சி அறம் கைவிட்ட தனிமனிதத் துயருக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. அதற்காகவே நாவல் அப்படிமத்தை நாடுகிறது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: அப்படிமம் யாருக்காக அழைக்கப்படுகிறது?

சோவியத் நாட்டில் கிறிஸ்துவின் பெயரால் துன்புற்றோர் முதன்மையாகக் கட்சியினர் அல்லர். பெத்ரோகிராத் பேராயர் வெனியமின் 1922இல் சுட்டுக்கொல்லப்பட்டார். சொலவெத்ஸ்கி மடாலயம் 1923இல் சிறைமுகாமாயிற்று. 1927இல் பேராயர் செர்கி அரசுக்கு விசுவாசம் அறிவித்தார். துன்புறுத்தல் அதனால் நிற்கவில்லை, அதைப் பற்றிப் பேசும் வாய்களே அடைபட்டன. மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயம் 1931 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. புகாரினோ, பிரியோபிரஜென்ஸ்கியுடன் இணைந்து எழுதிய ‘பொதுவுடைமையின் அரிச்சுவடி’யில் சமயமும் பொதுவுடைமையும் ஒத்துப்போகா என வாதிட்டவர், பல்லாண்டுகள் ‘பிராவ்தா’வின் ஆசிரியர். அவர் பலியானவர் மட்டும் அல்லர், பிறரை மௌனமாக்கிய அமைப்பின் குரலாகவும் இருந்தவர். கிறிஸ்துவின் கருணை அவர் மரணத்தைச் சூழும்போது, இம்முரண் உரிய கனத்தைப் பெறுவதில்லை. பலியானவரின் பழைய பொறுப்பைப் பேசுவது அவர்மீதான கொலையை நியாயப்படுத்துவதாகிவிடும் என்னும் தயக்கம் இதற்குக் காரணமாகலாம். அத்தயக்கமும் ஒருவகை மௌனமே.

1929 ஏப்ரலில் சமயச் சங்கங்கள் பற்றிய சோவியத் ஆணை வெளிவந்தது. வழிபாட்டுக்கு அப்பால் அறப்பணி, சிறுவர்க்கான சமயக் கூட்டங்கள் ஆகியவற்றை அது தடைசெய்தது. அதே மாதம் கூடிய கட்சியின் மத்தியக்குழு, புகாரினைப் ‘பிராவ்தா’விலிருந்து நீக்க முடிவெடுத்தது. இரண்டாவது வீழ்ச்சியின் நிழலைத்தான் அருணாசலம் பின்தொடர்கிறான். முதலாவதன் நிழல் வீரபத்ர பிள்ளையின் காகிதங்களுக்கு வெளியே நிற்கிறது.