ஆமையும் பற்சக்கரமும்

நிரல் எழுதுவதன் வழியே பிள்ளைகள் கணிதத்தைத் தமதாக்கிக்கொள்ள முடியும் என்று வாதிடும் நூல், சீமோர் பேப்பர்ட்டின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' (1980). இரண்டு வயதுக்கு முன்பே கார்கள்மீது வந்த ஈர்ப்பையும், பின்னாளில் பற்சக்கரங்களைக் கொண்டே சமன்பாடுகளைப் புரிந்துகொண்டதையும் முன்னுரையில் சொல்கிறார். பற்சக்கரம் எல்லோருக்கும் உதவாது, பல வடிவம் எடுக்கும் கணினி உதவும் என்பது அவர் நம்பிக்கை. அந்தக் கணினி வகுப்பறைக்குள் யாருடைய வடிவத்தில் நுழைகிறது என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

நூலின் வலிமை அதன் ஆமை. லோகோ மொழியில் கட்டளையிட்டால் அது கோடு வரைந்தபடி நகரும். சமபக்க முக்கோணம் வரைய முனையும் மாணவி, பாடநூல் நினைவில் 60 பாகை திரும்பச் சொல்கிறாள். முக்கோணம் மூடாது. எழுந்து நடந்து பார்த்தால் திரும்பவேண்டியது 120 பாகை என்று புரியும். உள்கோணம் வேறு, உடல் திரும்பும் கோணம் வேறு. அவளுடைய 'தப்பை' ஆறுமுறை தொடர்ந்தாலோ அழகான அறுகோணம் கிடைக்கும். அடக்கி உட்காரப் பழக்கப்பட்ட பெண்ணுடல் இங்கே அறிவின் கருவியாகிறது. பிழை அவமானமாக இல்லாமல் தேடலாகிறது.

ஆனால் ஆமை மட்டும் போதாது. ஷெர்ரி டர்க்கிளும் பேப்பர்ட்டும் 1990இல் பெண்ணிய ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், ஹார்வர்டில் நிரலாக்கம் படித்த ஒரு கவிஞர் வருகிறார். சொற்களோடு உறவாடுவதுபோல நிரலின் சிறு துண்டுகளோடு உறவாட விரும்புகிறார். மேலிருந்து திட்டமிடுவதே சரியான முறை என்கிறது வகுப்பு. அவரிடம் குறைந்தது திறமையல்ல, அனுமதி. கட்டுரையின் பெரும்பங்களிப்பு இந்த இடம்தான்.

அதே கட்டுரை இந்த வேறுபாட்டைக் 'கடினம்', 'மென்மை' என்ற சொற்களால் குறிக்கிறது. மென்மையை உயர்த்துவதே அதன் நோக்கம். எனினும் அந்தச் சொல் ஆசிரியர் கைக்கு வரும்போது, 'பெண்பிள்ளைகளுக்குப் படம் வரைவது போதும், நிரூபணம் பையன்களுக்கு' என்ற பழைய பாகப்பிரிவினையாக மாறிவிடலாம். நடந்து கண்டுபிடித்தவளுக்கு, எந்தப் பலகோணத்துக்கும் மொத்தத் திருப்பம் ஏன் 360 பாகை என்று நிறுவும் உரிமையும் வேண்டும்.

1967இல் லோகோவை உருவாக்கியவர்களில் வாலி ஃபோயர்ஸைக், பேப்பர்ட் ஆகியோருடன் சிந்தியா சாலமனும் ஒருவர். பொது நினைவில் முன்நிற்பது பேப்பர்ட்டின் பெயர். கணிதத்தைச் சனநாயகப்படுத்தும் கருவியின் வரலாற்றிலேயே ஒரு பெண் பின்னுக்குப் போகிறாள் என்றால், மாணவிக்கு நிரல் கற்பிக்கும் நாளிலேயே அந்தப் பெயரையும் கற்பிக்கவேண்டும்.