பாலூவுக்கு வராத தலைமை

இந்தியச் சுழற்பந்து வீச்சின் கதையைப் பலரும் வினு மன்கட்டிலிருந்து தொடங்குவார்கள். அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் பல்வங்கர் பாலூ இருந்தார். 1876ல் தார்வாடில் பிறந்த தலித். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளம். பிட்ச் உருட்டுவது, வலை கட்டுவது, கேட்டவர்களுக்குப் பந்து போடுவது, இதுதான் வேலை. மட்டையை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. மணிக்கணக்காகப் போட்டுப் போட்டே, பந்தை இரண்டு பக்கமும் திருப்பும் இடது கை வித்தை படிந்தது.

புனே இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு மனமாற்றம் காரணமில்லை. வெள்ளையரை ஜெயிக்க ஆள் தேவைப்பட்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கிப் போடும் மண் குவளையில் தேநீர். சாப்பாடும் தனி. நம்மூர் டீக்கடை இரட்டைக் குவளையின் அதே கணக்குதான். விளையாட்டு மக்களை இணைக்கும் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தக் குவளையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1906ல் பம்பாயில் பாலூ ஆடிய இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. 1911ல் இங்கிலாந்து போன இந்திய அணி முதல்தர ஆட்டங்கள் 14ல் 10ஐத் தோற்றது. அந்த அணியில் பாலூ மட்டும் சுற்றுப்பயணம் முழுக்க 114 விக்கெட் சாய்த்தார், சராசரி 18.84. ஊர் திரும்பியவருக்குப் பம்பாயில் நடந்த பாராட்டில் இளைஞர் அம்பேத்கருக்கும் பங்குண்டு. பின்னாளில், 1937 தேர்தலில், இருவரும் எதிரெதிரே நின்றார்கள், பாலூ தோற்றார்.

இத்தனை விக்கெட் எடுத்தும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு வரவில்லை. 1920ல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். அப்போதுதான் தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குடும்பத்தின் ஆகச் சிறந்த ஆட்டம் அதுதான். நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பாலூ துணைத் தலைவர். 114 விக்கெட் அசைக்காததை இரண்டு பேரின் வெளிநடப்பு அசைத்தது.

1923ல் விட்டல் தலைவரானார். அந்த ஆண்டே இந்துக்கள் ஐரோப்பியரை வென்று கோப்பையைத் தூக்கினார்கள். பாலூ அதற்குள் ஆட்டத்தை விட்டிருந்தார்.