‘ஜேர்மனியில் செய்யப்பட்ட புனிதப் போர்’: ஒரு மீள்வாசிப்பு

முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனியின் பங்கு என்றதும் பெல்ஜியம், வெர்டன், வெர்சாய் என்றுதான் பேச்சுப் போகும். 1914 நவம்பர் 14இல் இஸ்தான்பூலில் வாசிக்கப்பட்ட ஜிஹாத் பத்வாவை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. அதைக் கண்டித்து ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே 1915இல் எழுதிய ‘ஜேர்மனியில் செய்யப்பட்ட புனிதப் போர்’ என்ற சிறுநூலை அண்மையில் ஆங்கிலத்தில் வாசித்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் விஷயம் தெரிந்தவர். அந்தப் பத்வாவைப் பாருங்கள். பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யாவின் கீழுள்ள முஸ்லிம்கள் அவ்வரசுகளை எதிர்ப்பது கடமை. ஜேர்மனியையும் ஆஸ்திரியாவையும் எதிர்த்துப் போரிடுவதோ பெரும் பாவம்! இதில் பேர்லினின் கை இருக்கிறது என்று அவர் சொன்னது பிழையில்லை. பேர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் முஸ்லிம் போர்க்கைதிகளுக்கென ஜேர்மனியர் ‘பிறை முகாம்’ அமைத்தார்கள். 1915இல் அங்கே மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தார்கள். தீன் மீதுள்ள பிரியத்தில் அல்ல. அந்தக் கைதிகளையே திருப்பி பிரித்தானியாவுக்கும் பிரான்ஸுக்கும் எதிராக அனுப்பத்தான்.

ஆனால் நூலின் குறை இதற்குப் பிறகுதான் தெரிகிறது. துருக்கியர் ஏதோ ஜேர்மனியின் கைப்பொம்மை என்பது போல அவர் எழுதுகிறார். யுத்தத்தில் இறங்குமுன்பே, 1914 செப்டெம்பரில், ஐரோப்பியர் அனுபவித்துவந்த விசேட சலுகைகளை உஸ்மானிய அரசு தானாகவே ரத்துச் செய்தது. அவர்களுக்கும் சொந்தக் கணக்கு இருந்தது.

அடுத்தது, எழுதியவர் யார் என்ற கேள்வி. 1885இல் அப்துல் கஃப்பார் என்ற பெயரில் மக்காவில் தங்கியவர் இவர். அங்கே பெற்ற அறிவைப் பின்னர் அச்சே முஸ்லிம்களை அடக்கிய ஒல்லாந்து ஆட்சிக்கு ஆலோசனையாக வழங்கியவரும் இவர்தான். முஸ்லிமின் நம்பிக்கையை அரசியல் ஆயுதமாக்குவது குற்றமென்றால், கூண்டில் பேர்லின் மட்டும் நிற்பது எப்படி நியாயம்?

பிரித்தானியாவின் பதிலும் இதே ரகம்தான். 1916 ஜூனில் மக்காவின் ஷரீப் ஹுஸைனைக் கலீபாவுக்கு எதிராக எழுப்பியது. அதற்கு முந்திய மாதமே அரபு நிலத்தைப் பங்குபோட பிரான்ஸோடு இரகசியமாக ஒப்பந்தம் செய்து முடித்திருந்தது.

1898இல் டமஸ்கஸில் நின்று, முப்பது கோடி முஸ்லிம்களுக்கும் தான் நண்பன் என்றார் கைசர். அதை நம்பி அவரைப் புகழ்வோர் இன்றும் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்நூலைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு ஸ்னூக்கைப் புகழத் தொடங்கிவிடவும் கூடாது. இரண்டு பேருமே நம்மைப் பற்றித்தான் பேசினார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.