சர்க்கரை நீரில் பிறக்கும் ஒளி

பழச்சர்க்கரையோ சிட்ரிக் அமிலமோ கரைத்த நிறமற்ற நீரின் மேல் நுண்துளை எஃகுக் குழாயொன்றை நிறுத்தி, அதன் வழியே ஆர்கான் வாயுவை மெல்லச் செலுத்தி, உயர் மின்னழுத்தத்தை ஊட்டியதும், குழாயின் நுனிக்கும் நீர்ப்பரப்புக்கும் இடைப்பட்ட சில மில்லிமீட்டர் வெளியில், மெல்லச் சீறும் ஓசையோடு ஊதா நிறப் பிளாஸ்மாச் சுடர் நிலைகொள்வதை அலுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். உலையும் இல்லை, கொதிக்கும் கடுந்திராவகமும் இல்லை. கரைந்திருப்பதை நுண்ணிய கரித்துகள்களாக்கும் சகல காரியத்தையும் மின்சாரத்தால் கிளர்ந்த வாயுவே செய்கிறது. சுடர் தீண்டிய இடத்தில் நீர் குழிந்து நடுங்க, வெளிர் மஞ்சள் நிறம் இழை இழையாகப் பரவி, நேரம் செல்லச் செல்லப் பாகு காய்ச்சுகையில் தோன்றும் பழுப்பை எய்துகிறது.

சுடரைவிட எனக்குப் பிரியமானது அதன்பின் வேண்டியிருக்கும் பொறுமை. திரவத்தைச் சவ்வுப் பையிலிட்டு, சுற்றியுள்ள நீரை மாற்றி மாற்றி, எஞ்சிய மூலப்பொருள்கள் கசிந்தகலும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உடன்விளைந்த சிறு மூலக்கூறுகளும் மினுங்கி, துகளின் பிரகாசமென்றே நம்மை ஏமாற்றிவிடும். பிறகு புற ஊதா விளக்கின் கீழ் குப்பியைப் பிடித்தால், 10 நானோமீட்டரும் தேறாத கரித்துகள்கள் நீலமாய்ச் சோபிக்கின்றன. அடுப்புக்கரியின் இனத்துக்கு இப்படியொரு காந்தி! நைட்ரஜன் சேர்மம் சிறிது கலந்திருந்தால், அது பின்னும் கூடுகிறது.