ஜாம் எப்போது பாரம்பரியம் ஆனது?

மழைக்கு உப்பளங்கள் ஓய்ந்திருக்கும் மாசம். மரக்காணம் வீட்டில் உட்கார்ந்து ஹனுக்கா பற்றிய உணவுக் கட்டுரைகள் நாலைந்து படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: 'பாரம்பரிய' ஜாம் டோனட் எங்கே கிடைக்கும்? அந்த 'பாரம்பரிய'த்தோடுதான் எனக்குத் தகராறு.

யூதர்களின் இந்த விளக்குப் பண்டிகைக்கு ஆதாரம் எண்ணெய். எருசலேம் கோயிலில் ஒரு நாளைக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது கதை. அதனால்தான் எண்ணெயில் பொரித்த பண்டம். மைமோனிடிஸின் அப்பா மைமோன் 12ஆம் நூற்றாண்டிலேயே, பொரித்த மாவுப் பண்டம் செய்யும் வழக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். ஜாம் வைத்த டோனட் ஜெர்மனி, போலந்து பக்கத்துச் சரக்கு. 1920களில் ஹிஸ்டாட்ருத் தொழிற்சங்கம், பேக்கரிக்காரர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று அதைத் தூக்கிப் பிடித்தது என்பார்கள். இன்று அதன் பேர் சுஃப்கனியா. பின்னால் சேர்த்த ஃபீச்சர் டிஃபால்ட் ஆகிவிட்டது. எங்கள் தொழிலில் தினம் நடப்பதுதான்.

இந்தக் கட்டுரைகளில் கொச்சி வரவே இல்லை. கொச்சி யூதர்கள் ஹனுக்காவுக்குச் சுட்டது நெய்யப்பம். நாம கார்த்திகைக்கு விளக்கேற்றி அப்பம் சுடுகிறோமே, அதற்குப் பங்காளி. பண்டிகை வருவதும் ஏறக்குறைய அதே சமயம்தான். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் மிச்சம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஜாம் டோனட் மட்டுமே பாரம்பரியம் என்றால், அவர்கள் அடுப்பில் வெந்தது என்ன?

டோனட் தேடி ஈசிஆரில் பாண்டிச்சேரி வரை நானும் போனேன். நல்லாத்தான் இருந்தது. சாப்பிடுங்கள். கட்டுரை எழுதும்போது மட்டும் நெய்யப்பத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.