முகம் மாறிய நாயகன்: ஒரு தொலைக்காட்சிக் கதை பற்றிய நோக்கு

கலகெதர வழியே கண்டிக்கு ஏறி, அப்பால் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை நோக்கிச் செல்வோர் மாசித் திங்களிற் காமன் கூத்தினைக் காணுதல் கூடும். சென்ற ஆண்டு மன்மதனாய் ஆடியவன் இவ்வாண்டு கூட்டத்தில் ஒருவனாய் நின்று பார்ப்பான். வேறோர் இளைஞன் விரதம் பூண்டு அவ்வேடம் தாங்குவான். பழைய மன்மதன் எங்கே என்று எவரும் வினவுவதில்லை. வேடம் நிலைப்பது, ஆடுவோன் வந்து போவோன் என்பது கூத்துக் காண்போர் அனைவரும் உடன்பட்ட நெறி.

தொலைக்காட்சிக்கு இந்நெறி எளிதில் வாய்ப்பதன்று. அது முகத்தை அணுக்கத்திற் காட்டும் கலை. கிழமைதோறும் ஒரே முகம் வீட்டுக் கூடத்துள் வந்து பழகிவிடுகின்றது. அம்முகம் ஒருநாள் வேறாகிவிடின், காண்போர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவர். இவ்விடரை நேர்முகமாய் எதிர்கொண்ட முதற் பெருங் கதை, பி.பி.சி. நிறுவனத்தின் 'டொக்டர் ஹூ' என்னும் அறிவியற் புனைகதைத் தொடரில் 1966ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 10ஆம் நாள் வரை ஆறு பகுதிகளாக ஒளிபரப்பான 'டாலெக்குகளின் ஆற்றல்' என்பதாகும். எழுதியவர் டேவிட் விற்றேக்கர். நெறிப்படுத்தியவர் கிறிஸ்தோபர் பாரி.

அத்தொடர் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் தொடங்கியது. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் டார்டிஸ் என்னும் ஊர்தியில் உலாவும் 'டொக்டர்' என்ற பெயரிலி அதன் தலைவன். முதல் மூன்றாண்டுகள் அவ்வேடத்தைத் தாங்கியவர் வில்லியம் ஹாட்னெல். நரைத்த தலையும் சினந்த பேச்சும் உடைய முதியவராக அவர் அதனை வகுத்திருந்தார். உடல்நலங் குன்றவே அவர் விலக நேர்ந்தது. தொடரை முடித்துவிடுவதா, மற்றொருவருக்கு அதே நரைமுடியைச் சூட்டுவதா என்ற நிலையில், தயாரிப்பாளர் மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தனர். டொக்டர் மானிடரல்லர், வேற்றுலகத்தவர்; ஆதலின் அவருடல் தளர்ந்தவிடத்துத் தன்னைத்தானே புதுக்கிக்கொள்ளும் என்றனர். அக்டோபர் 29ஆம் நாள் ஹாட்னெல் நிலத்தில் வீழ்ந்தார். அவர் கிடந்த இடத்தில் பற்றிக் ட்ரௌட்டன் என்னும் நடிகரின் முகம் தோன்றியது. அடுத்த கிழமை அம்முகத்தை நாயகனென நாட்டும் பொறுப்பு விற்றேக்கரின் எழுத்தின்மேல் விழுந்தது.

இவ்விடத்திற் பிறர் ஒருவர் எழுதியிருப்பின், மாற்றத்தின் காரணத்தை விரித்துரைத்துத் தோழரின் ஐயத்தைத் தீர்த்து, அதன்பின்னரே கதையைத் தொடங்கியிருப்பார். விற்றேக்கர் அவ்வாறு செய்திலர். புதியவர் தமது நிலை குறித்து விளக்கமெதுவும் தெளிவாகத் தருவதில்லை. கேட்டவற்றிற்கு மறுமொழி கூறாது குழலூதுகின்றார். 'டொக்டர்' என்று தம்மையே மூன்றாம் ஆளாகச் சுட்டுகின்றார். முன்னையவர் அணிந்த மோதிரம் இவர் விரலிற் பொருந்தவில்லை. கண்ணாடியை நோக்குமிடத்துப் பழைய முகமே ஒரு கணம் தோன்றி மறைகின்றது. சான்றுகள் யாவும் அவருக்கு மாறாகவே அடுக்கப்படுகின்றன. உடன்வந்த பொல்லி என்னும் நங்கை நம்ப விழைகின்றாள். பென் என்னும் மாலுமி நம்ப மறுக்கின்றான். காண்போர் பென்னின் பக்கமே நிற்பர் என்பதை ஆசிரியர் நன்கறிந்திருந்தார் போலும்.

பின்னர், அச்சான்று எங்கிருந்து வருகின்றது? இதுவே இக்கதையின் உயிர்நிலை. வல்கன் என்னும் கோளில் மனிதர் அமைத்த குடியிருப்பொன்றில், லெஸ்டர்சன் என்னும் அறிஞன் சதுப்பிலிருந்து ஒரு பழைய விண்கலத்தை மீட்டு வைத்திருக்கின்றான். அதனுள் டொக்டரின் தீராப் பகையாகிய டாலெக்குகள் உறங்குகின்றன. லெஸ்டர்சன் மின்னூட்டி எழுப்பிய டாலெக் தன் கண்தண்டினைத் திருப்பிப் புதியவரை உற்றுநோக்குகின்றது, அறிந்துகொள்கின்றது. தோழர்க்குப் புலனாகாத ஒன்று பகைவனுக்குப் புலனாகிவிடுகின்றது. அன்பு தேடுவது பழகிய முகத்தை. பகை தேடுவது ஆளை. முகம் மாறினும் ஆள் மாறவில்லை என்பதை நாட்டுதற்கு இதனினும் குறுகிய வழி கண்டறிதல் அரிது.

திருமூலர் வரலாற்றைப் பெரியபுராணத்திற் பயின்றோர்க்கு ஈண்டு ஓர் ஒப்புமை தோன்றாதிராது. சாத்தனூரில் ஆயன் மூலன் இறந்துபட, ஆநிரைகள் அவனுடலைச் சூழ்ந்து கதறின. வழிப்போந்த சிவயோகியார் இரங்கி அவ்வுடலிற் புகுந்தெழுந்தார். பசுக்கள் உடலைக் கண்டு களித்து மேயச் சென்றன. மாலையில் வந்த மனைவியோ அதே உடலைக் கண்டும், நெருங்கவொட்டாத அவர் நிலை கண்டு கலங்கினாள். அங்கே உடல் பழையது, உயிர் புதிது. இங்கே உயிர் பழையது, உடல் புதிது. மூலன் மனைவியின் கலக்கத்திற்கு நேரானது பென்னின் ஐயம். அவள் ஐயுற்றதும் உண்மையே, ஏனெனில் வந்தவர் அவள் கணவரல்லர். பென் ஐயுற்றது பிழை. ஆயினும் இருவர் மீதும் நமக்குச் சினம் எழுவதில்லை. நெருங்கிப் பழகினோரே ஐயுறுதற்கு உரிமையுடையர்.

இதற்கு எதிர்நிலையில் வல்கன் குடியிருப்பினர் நிற்கின்றனர். பூமியிலிருந்து வந்த ஆய்வதிகாரி ஒருவர் கொலையுண்டு கிடக்க, அவருடைய அடையாளச் சின்னத்தை டொக்டர் எடுத்துக்கொள்கின்றார். சின்னத்தைக் கண்ட மாத்திரத்தே அனைவரும் அவரை அதிகாரியென ஏற்றுப் பணிகின்றனர். மூன்றாண்டு பழகிய பார்வையாளரோ, அவரை டொக்டர் என ஏற்கத் தயங்குகின்றனர். முன்பின் அறியாதோர் ஒரு வில்லையை நம்புகின்றனர். இந்நகைச்சுவை ஓசையின்றி நிகழ்வதால் பலர் இதனைக் கவனிப்பதில்லை.

இங்ஙனம் நோக்குமிடத்து, வேடம் தாங்குதல் என்பது புதிய நடிகரின் சிக்கல் மட்டுமன்றி, முழுக் கதைக்கும் பொருளாகிவிடுவது புலனாகும். டாலெக்குகளும் வேடம் தாங்குகின்றன. தாம் மனிதர்க்கு ஏவலர் என்று மீண்டும் மீண்டும் முழங்குகின்றன; தட்டேந்திப் பானம் கொணர்கின்றன. அவை எத்தகையன என்று டொக்டர் உரத்துக் கூவியும், அவ்வேவற் குரலில் அவரது எச்சரிக்கை அமிழ்ந்துபோகின்றது. தம்மை இன்னாரென நிறுவ இயலாத ஒருவர், பிறரை இன்னாரென எங்ஙனம் நிறுவுவார்? புதிய நடிகரின் இக்கட்டும் கதைத் தலைவரின் இக்கட்டும் ஒன்றாகிவிடும் இவ்விடமே ஆறு பகுதிகளுள்ளும் தலைசிறந்தது எனலாம்.

ரொபேட் ஜேம்ஸ் நடித்த லெஸ்டர்சன் பாத்திரம் தனித்து நோக்கத்தக்கது. அறிவு வேட்கையால் கண் மறைந்த அவன், தான் எழுப்பியவை பெருகுவதைக் கண்டபோது மதி பேதலிக்கின்றான். இறுதிப் பகுதியில், டாலெக்குகள் தன்முன் உரைத்த ஏவற் சொற்களையே அவற்றின் முன் தான் உரைத்து நிற்கின்றான். இனி மனிதர் வேண்டா என்று கூறி அவை அவனைச் சுட்டுவீழ்த்துகின்றன. இதனினும் கூரியது ஐந்தாம் பகுதியின் வினாவொன்று. ஆட்சியைக் கைப்பற்றக் கருதிய பிராகன் என்பான் ஆளுநரை டாலெக் ஒன்றினாற் கொல்வித்தபின், மனிதர் மனிதரைக் கொல்வது ஏன் என்று அவ்வியந்திரம் அவனைக் கேட்கின்றது. கொலையே தொழிலாகக் கொண்ட ஒன்று அதனைக் கேட்பதனால் வினா அறவுரையாகாது நிற்கின்றது.

குறைகளும் உள. கலகக்காரரின் சூழ்ச்சிகள் இடைப் பகுதிகளில் வேண்டாத அளவிற்கு நீள்கின்றன. நான்காம் பகுதியிற் பொல்லி அறவே தோன்றுவதில்லை. நம்புவாளும் ஐயுறுவானும் என்ற இணை அதனாற் சிதைகின்றது. ட்ரௌட்டனின் விளையாட்டுத்தனமும் சிற்சில இடங்களில் மிகையாகின்றது. அவரது உயரமான தொப்பி பின்னர் கைவிடப்பட்டமை நன்றே.

இத்தொடரிற் பின்னர் நாயகர் பலர் மாறினர். மாற்றத்தைக் குறிக்க இன்று வழங்கும் 'மறுபிறப்பாக்கம்' என்னும் கருத்துடைய ஆங்கிலச் சொல் 1974ஆம் ஆண்டிலேதான் தொடரினுள் வந்தது. 1970ஆம் ஆண்டில் ஜோன் பேட்வீயும் 2005ஆம் ஆண்டு நத்தார் நாளில் டேவிட் டெனண்டும் அறிமுகமான கதைகளில், புதியவர் நெடுநேரம் படுக்கையிற் கிடக்கின்றார்; அவர் எழமாட்டாரோ என்று பிறர் ஏங்குகின்றனர். எழுந்தவுடன் காண்போர் அவரை வரவேற்பது உறுதி. அது பயன்தரும் உத்தியே. ஆயினும் எளிய உத்தி. விழித்து நிற்கும் நாயகனை, அவன்மீது ஐயம் அகலாதிருக்கவே, செயலால் நிறுவிய 1966ஆம் ஆண்டுத் துணிவு அவற்றிற் காணப்படவில்லை.

வருந்தத்தக்க செய்தி யாதெனின், இவ்வாறு பகுதிகளுள் ஒன்றேனும் முழுமையாக இன்றில்லை. ஒளிபரப்பு முடிந்த பின்னர் நாடாக்களை அழிப்பது அந்நாளைய வழக்கம். வீட்டிலிருந்து சுவைஞர் பதிந்துவைத்த ஒலியும், திரையிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்களும், சில துண்டுக் காட்சிகளுமே எஞ்சின. அவ்வொலியைக் கொண்டு வரைந்த இயங்குபட வடிவம், முதல் ஒளிபரப்பின் ஐம்பதாண்டு நிறைவாகிய 2016ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் வெளியாயிற்று. புதிய முகமொன்றை ஏற்கச் செய்தற்கென்றே எழுந்த கதையில் அம்முகமே அழிந்து குரல் மட்டும் நிற்கின்றது. எரியுண்ட மன்மதன் இரதிக்கன்றிப் பிறர்க்கு உருவிலியானதுபோல. ஆயினும் ட்ரௌட்டனின் குரல் தயங்கியும் தாழ்ந்தும் சட்டென உயர்ந்தும் வருவதைக் கேட்போர், அவர் முகம் அவ்வேளையில் எவ்வாறிருந்திருக்கும் என்று தாமே வரைந்துகொள்கின்றனர்.

இறுதிக் காட்சியில், டாலெக்குகளை அழித்த செயல் தெரிந்து செய்ததோ தற்செயலோ என்று தோழர் கேட்க, டொக்டர் மறுமொழியின்றிக் குழலை எடுத்து ஊதுகின்றார். பென் அதன்பின் ஏதும் வினவவில்லை. டார்டிஸ் மறைகின்றது. சிதைந்து கிடந்த டாலெக் ஒன்றின் கண்தண்டு அத்திசை நோக்கி மெல்ல நிமிர்கின்றது.